ஷிஃப்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஆர்டி நம்பரைப் பாரு: ரோட் பைக்குக்கு கியர் சாமான் எடுக்கிற விதம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பி போனை நீட்டிக்கிட்டே வந்தான். "அண்ணே, டென் ஸ்பீட் ஷிஃப்டர், ஜோடியா, பாதி விலை, போட்டுரவா?"ன்னு கேக்குறான், கேக்கும்போதே விரல் பட்டன் மேல இருக்கு. "உன் பைக்ல ஆர்டி என்ன?"ன்னேன். "அதுவும் டென் ஸ்பீட்தாண்ணே." "மாடல் நம்பர்?" முழிக்கிறான். செம்பனை மில்லுல வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான் ஆச்சு, சம்பளத்துல புடிச்சு வெச்ச வெள்ளி, அது தப்பான பொட்டிக்குப் போயிடக் கூடாதேன்னு அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் உக்காந்து பேசுனேன். அதைத்தான் இப்ப எழுதுறேன். ஆர்டின்னா ரியர் டிரெய்லியர், பின்னாடி செயினைத் தள்ளுற கை. எஃப்டின்னா முன்னாடி இருக்கிறது. ஷிஃப்டர்னா ஹேண்டில்ல இருக்கிற கியர் மாத்துற லீவர். டென் ஸ்பீட்னா பின்னாடி பத்து பல்லுச் சக்கரம். பைக்னு நான் சொல்றது சைக்கிளை, மோட்டாரை இல்ல. இனிமே சுருக்கமாவே சொல்லிக்கிட்டுப் போறேன்.

மொதல்ல கடையை மறந்துரு, எந்த ரோட்டுல ஓட்டப்போறேன்னு யோசி. நாங்க இருக்கிறது மலேசியாவுல தாப்பா பக்கம். ஒரு பக்கம் லங்காப் வழியா தெலுக் இந்தான் வரைக்கும் போனா ரோடு தட்டையா கெடக்கும், ரெண்டு பக்கமும் செம்பனை, சாஞ்ச மணிக்கூண்டு வரைக்கும் போய் தே தாரிக் குடிச்சிட்டு வர்றதுக்கு எந்த கியர் இருந்தாலும் போதும். இன்னொரு பக்கம் கேமரன் மலைக்குப் போற பழைய ரோடு, 59ஆம் நம்பர், தாப்பாவுல ஆரம்பிச்சு லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டி ரிங்லெட் வரைக்கும் ஏறக்குறைய 45 கி.மீ., வளைவுக்கு மேல வளைவு, எதிர்ல காய்கறி லோரி. பயங்கர செங்குத்துன்னு சொல்ல முடியாது, ஆனா ஏத்தம் முடியவே முடியாது. இந்த ரெண்டுல எது உன் ரோடுன்னு தெரியாம சாமான் வாங்குறவன் டூர் டி லங்காவி ஓட்டுறவன் என்ன போட்டிருக்கான்னு பாத்து வாங்குவான், அவன் கால் வேற நம்ம கால் வேற லா.

கணக்கு ரொம்ப ஈசி. முன்னாடி பல்லு எண்ணிக்கையை பின்னாடி பல்லு எண்ணிக்கையால வகு, வர்றதை 2.1 மீட்டரால பெருக்கு, ஏன்னா 700சி சக்கரம் 25 டயரோட ஒரு சுத்துக்கு அவ்வளவுதான் போகும். பழைய ரேஸ் பைக்குங்கள்ல முன்னாடி சின்ன ரிங் 39, பின்னாடி பெரிய பல்லு 25 வரும், பெடல் ஒரு சுத்து சுத்துனா 3.28 மீட்டர். மலையில நீ மணிக்கு 9 கி.மீ. வேகத்துல ஏறுறன்னு வெச்சுக்க, நிமிசத்துக்கு 46 சுத்துதான் சுத்துவ, அதாவது ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்னு நசுக்கணும், மறுநாள் முட்டி உன்னை ஏசும். அதே வேகத்துக்கு முன்னாடி 34 பின்னாடி 34 போட்டா நிமிசத்துக்கு 71 சுத்து வரும், உக்காந்துக்கிட்டே மூச்சு வாங்காம போகலாம். இறக்கத்துல பெரிய கியர் வேணுமேன்னு பயப்படாத. 50 பல்லு ரிங்கும் 11 பல்லும் இருந்தா 90 சுத்துல மணிக்கு 51 கி.மீ. தாண்டும், அதுக்கு மேல இந்த வளைவுல யாரு மிதிக்கப்போறா?

அதனால என் தீர்ப்பு, மலை இருக்கிற ஊருக்காரன் 50/34 கிராங்கும் (பெடல் மாட்டுற முன் செட், பெரிய ரிங் 50, சின்னது 34) 11-34 கேசட்டும் (பின்னாடி பல்லுச் சக்கரக் கட்டு, சின்னது 11, பெருசு 34) போடு, வெக்கப்படாத. 52/36 தட்டை ரோட்டுக்கு நல்லா இருக்கும். 53/39 சுவத்துல மாட்டி வெக்க நல்லா இருக்கும்.

கேசட் பெருசானா ஆர்டியோட கை நீளமா இருக்கணும். ஷிமானோ கம்பெனி சாமான்ல குட்டைக் கைக்கு எஸ்எஸ், நீளக் கைக்கு ஜிஎஸ்னு போட்டிருக்கும். அவங்க 105 ஆர்7000 மாடலை எடுத்துக்க, எஸ்எஸ் பெரிய பல்லு 30 வரைக்கும்தான், ஜிஎஸ்னா 34. இன்னொரு கணக்கும் இருக்கு, மொத்தக் கொள்ளளவு, முன் ரிங் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூட்டல் கேசட்டோட பெருசுக்கும் சின்னதுக்கும் உள்ள வித்தியாசம். 50ல 34 போனா 16, 34ல 11 போனா 23, மொத்தம் 39. ஆர்7000 ஜிஎஸ் தாங்குறதும் சரியா 39 தான். செகண்ட் ஹேண்டுல வாங்கும்போது விக்கிறவன் "ஃபிட் ஆகும் பாஸ்"னு சொல்லுவான், எஸ்எஸ்ஸா ஜிஎஸ்ஸான்னு படம் அனுப்பச் சொல்லு.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன், தம்பியோட விரல் பட்டன் மேல இருந்துச்சே அந்த விசயம். ஷிஃப்டரும் ஆர்டியும் புருசன் பொண்டாட்டி மாதிரி, ஜாதகம் பாக்காம சேத்து வெக்காத. நீ ஒரு கிளிக் தட்டுனா ஷிஃப்டர் இத்தனை மிமி கேபிளை இழுக்கும், அந்த இழுப்புக்கு ஆர்டி இத்தனை மிமி நகரும், நகர்ற தூரம் கேசட்ல பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியோட ஒத்துப்போகணும். ஷிமானோ ரோட்டுல பழைய 8, 9, 10 ஸ்பீட் ஆர்டி பெரும்பாலும் ஒரே குடும்பம், 1 மிமி கேபிள் இழுத்தா சுமாரா 1.7 மிமி நகரும். 11 ஸ்பீட் வந்தப்ப அதை 1.4 பக்கம் குறைச்சுட்டு ஷிஃப்டரை அதிகமா இழுக்க வெச்சாங்க. இதுல ஒரு கள்ளப்பய இருக்கான், ஷிமானோவோட டியாக்ரா 4700 மாடல். அது 10 ஸ்பீட்தான், ஆனா கேபிள் இழுக்கிறது 11 ஸ்பீட் குடும்பத்து மாதிரி. அதனால 4700 ஷிஃப்டரை பழைய 10 ஸ்பீட் ஆர்டி கூட போட்டா சேராது, பொட்டியில ரெண்டுலயும் 10 ஸ்பீட்னு போட்டிருந்தாலும் சேராது.

எப்படித் தெரியும்னா நானே நாலு வருசத்துக்கு முன்னாடி அதைத்தான் பண்ணேன். அதுக்கு முந்தின டியாக்ரா 4600 ஆர்டி இருந்துச்சு, 4700 ஷிஃப்டர் வாங்கி மாட்டுனேன், ஞாயித்துக்கிழமை காலையில பசியாறிட்டு உக்காந்தவன் மத்தியானம் மூணு மணி வரைக்கும் கேபிள் இறுக்கத்தைச் சரி பண்ற பேரல் அட்ஜஸ்டரைத் திருகிக்கிட்டே இருக்கேன், மேல பெரிய பல்லுக்கு சரி பண்ணா கீழ கரகரன்னு சத்தம், கீழ சரி பண்ணா நடுவுல ரெண்டு பல்லு தாண்டிக் குதிக்குது. ஷிஃப்டர் ரிப்பேர், கேபிள் மோசம், கேசட் போலின்னு எல்லாத்தையும் திட்டிட்டு பைக்கை டவுன்ல சைக்கிள் கடைத் தவுக்கேகிட்ட தள்ளிக்கிட்டுப் போனேன். அவரு மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு ஆர்டியோட பின்பக்கத்தை துணியால தொடச்சாரு, நம்பரைப் பாத்தாரு, ஷிஃப்டரைப் பாத்தாரு. "இது அதுக்கு தா போலே லா"ன்னாரு, சேராதுன்னு அர்த்தம். அவ்வளவுதான். தப்பு முழுக்க என்னோடது, பாக்க வேண்டிய நம்பரைப் பாக்கல.

அதனால தம்பியை போன் டார்ச் அடிக்கச் சொல்லிட்டு அவன் ஆர்டியைத் திருப்பிப் பாத்தேன். எண்ணெயும் செம்மண்ணும் கலந்து கெட்டியா அப்பியிருந்ததை பழைய பனியனால தொடச்சா உள்ளார அச்சடிச்ச எழுத்து தெரியுது, 4600. போன்ல இருந்த ஷிஃப்டர்? 4700. சிரிப்பு வந்துருச்சு எனக்கு.

ஒரு நல்ல தந்திரமும் சொல்லிடுறேன். பழைய 1.7 குடும்பத்துல ஷிமானோவோட 9 ஸ்பீட் மவுண்டன் பைக் ஆர்டியும் சேரும், அலிவியோ, டியோரே மாதிரி. அதோட கை நீளம், பெரிய கேசட் தாங்கும். பழைய ரோட் 8, 9, 10 ஸ்பீட் ஷிஃப்டர் வெச்சிருக்கிறவன் மலை ஏற ஆசைப்பட்டா புது குரூப்செட் (கியர், பிரேக் சாமான் முழு செட்) வாங்காம இந்த ஒரு ஆர்டியை மாட்டி 34 பல்லு கேசட் போட்டுக்கலாம். ஆர்டி 9 ஸ்பீட்தானேன்னு கொழம்பாத, ஆர்டிக்கு எண்ணத் தெரியாது, எண்ணுறது ஷிஃப்டர். ஆனா 10 ஸ்பீட் மவுண்டன் ஆர்டி வேற குடும்பம், அதுல கை வெக்காத.

சரி புதுசா முழு செட் வாங்குற காசு இருக்குன்னா? ஷிமானோ படிக்கட்டு இப்படி: கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10, அப்புறம் 105, அல்டெக்ரா, டூரா ஏஸ். 105ல ஆர்7000னா 11, ஆர்7100னா 12. இப்ப வர்ற 12 ஸ்பீட் அல்டெக்ராவும் டூரா ஏஸும் எலக்ட்ரிக்லதான் வருது, கேபிள்ல 12 வேணும்னா 105 தான் கடைசிப் படி. 2023ல கியூஸ்னு ஒரு புது வரிசையும் கொண்டாந்தாங்க, அதோட லிங்க்கிளைடு கேசட் பழைய சாமானோட கலக்காது, எடுத்தா எல்லாத்தையும் அதுலயே எடு. மேல போகப் போக வெயிட் குறையும், லீவர் தட்டுறது வெண்ணெய் மாதிரி ஆகும், ஆனா கிளாரிஸ் போட்ட பைக்கும் ரிங்லெட் ஏறும். என்னைக் கேட்டா செகண்ட் ஹேண்ட்ல 11 ஸ்பீட் 105, இல்லன்னா புதுசா டியாக்ரா முழு செட், மிச்சக் காசுக்கு நல்ல டயர். ஸ்பீட் கூடக் கூட செயின் மெலிசாகும் விலையும் கூடும், 8 ஸ்பீட் செயின் சின்ன டவுன் கடையிலயும் தொங்கும், 12 ஸ்பீட் செயினுக்கு ஈப்போ வரைக்கும் போக வேண்டி வரலாம். இதை யாரும் ரிவியூல சொல்லமாட்டான்.

கைக்கு வருவோம். ஷிஃப்டர்ங்கிறது மணிக்கணக்கா கை வெக்கிற எடம், படத்தைப் பாத்து வாங்காத, யாராவது கூட்டாளி பைக்ல கை வெச்சுப் பாரு. ஷிமானோ எஸ்டிஐல, அதான் பிரேக்கும் கியரும் ஒரே லீவர்ல இருக்கிறது, வலது பிரேக் லீவரையே உள்பக்கமா தள்ளுனா பின்னாடி பெரிய பல்லுக்கு, லேசான கியருக்கு ஏறும், அதுக்குப் பின்னாடி இருக்கிற சின்ன லீவரைத் தட்டுனா கஷ்டமான கியருக்கு எறங்கும். 1990ல டூரா ஏஸ்ல மொதமொதல்ல வந்த ஐடியா, இன்னைக்கும் அதான். ஸ்ராம் கம்பெனியோட டபுள்டேப்ல ஒரே ஒரு துடுப்பு, கொஞ்சமா தட்டுனா கஷ்டம், நீளமா தள்ளுனா லேசு, பிரேக் லீவர் ஆடாது. கம்பக்னோலோ கம்பெனி லீவர்ல கட்டைவிரலுக்கு ஒரு பட்டன், அழகோ அழகு, ஆனா சாமானுக்கு நம்ம பக்கம் எங்க போவ? விரல் குட்டையா இருந்தா லீவரைக் கிட்ட கொண்டுவர திருகாணி இருக்கான்னு பாரு, ஹைட்ராலிக் (எண்ணெய்ல வேலை செய்யுற) பிரேக் உள்ள ஹூட், அதான் லீவர் மேல கை வெக்கிற ரப்பர் மேடு, சிலது தேங்கா மாதிரி குண்டா இருக்கும். தங்கச்சிக்கு வாங்குறவங்க இதை ரெண்டு தடவை பாக்கணும்.

இதோட ஒண்ணு, கப்சாய் மோட்டார்ல வலது கை லீவர் முன் பிரேக். பைக்கும் அப்படியே இருக்கட்டும். சில பைக்குங்க இடது கையில முன் பிரேக்கோட வரும், மாட்டும்போதே மாத்தச் சொல்லிடு, மோட்டார் ஓட்டிப் பழகுன கை அவசரத்துல யோசிக்காது.

எஸ்டிஐ தவிர வேற வழியே இல்லையான்னா இருக்கு. ஹேண்டில் நுனியில வெக்கிற பார் எண்ட், ஃபிரேம்ல பழைய காலத்து மாதிரி வெக்கிற டவுன் டியூப் லீவர். கிளிக் இல்லாத ஃபிரிக்ஷன் லீவர்னா இந்த 1.7, 1.4 தலைவலி எதுவும் கெடையாது, காது கேட்டு நீயே நிறுத்திக்கணும். பழைய ஸ்டீல் ஃபிரேம் வெச்சிருக்கிறவனுக்கு விலை குறைஞ்ச நல்ல வழி. ஆனா அந்த ஃபிரேம்ல பின் சக்கர இடம் 126 மிமியா 130ஆ அளந்துக்க, புது ரிம் பிரேக் வீல் 130.

எலக்ட்ரிக் பத்தி கேக்குறாங்க. ஷிமானோ டிஐ2, ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் ரெண்டுமே அருமை, பொய் சொல்லமாட்டேன், தட்டுனா டக்குனு ஏறும், கேபிள் துரு புடிக்கிற கதையே இல்ல. ஆனா பேட்டரி சார்ஜ் பண்ண மறந்தா நடு மலையில ஒத்த கியர் சைக்கிள்தான், லீவருக்குள்ள வேற குட்டி பேட்டரி இருக்கு, 12 ஸ்பீட் டிஐ2க்கு சிஆர்1632, ஸ்ராமுக்கு சிஆர்2032. எங்க டவுன்ல அதைப் பிரிச்சுப் பாக்க ஆளும் இல்ல. தாத்தா கித்தா பால் டின்னை கேரியர்ல கட்டிக்கிட்டு ஒத்த கியர்லயே தீம்பார் முழுக்க சுத்துனாரு, அது வேற விசயம்.

பிரேக்கும் ஷிஃப்டரோட சேந்த முடிவுதான், ஏன்னா லீவர் ஒண்ணு. ஃபிரேம்ல டிஸ்க் மாட்ட இடம் இல்லன்னா ஹைட்ராலிக் ஷிஃப்டர் வாங்கி என்ன பண்ணுவ? டிஸ்க்னா ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோட் பிரேக்குக்கு டாட் ஆயில், மாத்தி ஊத்துனா உள்ள இருக்கிற ரப்பர் சீல் கெட்டுரும், பிரேக்கே புடிக்காம போயிடலாம். மோட்டார் கடைக்காரன் டாட் வெச்சிருக்கான்னு ஷிமானோல ஊத்தாத.

அப்புறம் ஃபிரேமுக்கும் வீலுக்கும் சேருதான்னு பாக்கணும். பிபி, அதான் கிராங்க் உக்கார்ற எடம், மரை போட்டதா அமுக்கி வெச்சதான்னு பாரு. வீல்ல ஃப்ரீஹப், அதான் கேசட் உக்கார்ற உருளை, 8, 9, 10க்கு உள்ளதா 11க்கு உள்ளதா? ஷிமானோ 11 ரோட் ஃப்ரீஹப் 1.85 மிமி அகலம் கூட, அதுல பழைய கேசட் போடணும்னா அந்த அளவுக்கு ஒரு ஸ்பேசர் வேணும், ஆனா பழைய ஃப்ரீஹப்புல சாதாரண 11 ரோட் கேசட் ஏறாது. ஷிமானோ 12 ரோட் கேசட் 11 ஃப்ரீஹப்புலயே உக்காரும். ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ்ல 10 பல்லுல ஆரம்பிக்கிற கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் (XDR) ஃப்ரீஹப் வேணும், அதாவது வீல் செலவு தனி.

செகண்ட் ஹேண்ட் ஷிஃப்டர் வாங்கப் போனா கேபிள் இல்லாமலே லீவரை ஒவ்வொரு கிளிக்கா தட்டி எண்ணிப் பாரு. தட்டுனா பிடிமானமே இல்லாம சும்மா ஆடுச்சுன்னா பயப்படாத, பல தடவை அது உடைஞ்சது இல்ல, உள்ள இருக்கிற கிரீஸ் வருசக்கணக்குல காஞ்சு பிசின் மாதிரி ஆகியிருக்கும். மெல்லிசான எண்ணெய் ஸ்பிரே உள்ள அடிச்சு அம்பது நூறு தடவை தட்டிக்கிட்டே இருந்தா பாதிக்குப் பாதி உயிர் வந்துரும். இதைச் சொல்லியே விலை குறைக்கலாம். கேபிள் போற ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு, அறுந்த கேபிளோட தலை உள்ள மாட்டியிருக்கும் சிலதுல.

அந்தக் கேபிள் அறுறது எனக்கும் நடந்துச்சு. லாத்தா இஸ்கண்டாருக்கு கொஞ்சம் கீழ, லீவருக்குள்ளயே டப்புனு சத்தம், ஆர்டி நேரா 11 பல்லுக்கு விழுந்துருச்சு, ஏத்தத்துல 11 பல்லு! அந்த மாதிரி ஆனா தொங்குற கேபிளைக் கையால இழுத்து நடுப் பல்லுல நிறுத்தி, தண்ணி பாட்டில் கூண்டோட போல்ட்டுக்கு அடியில கேபிளை மாட்டி இறுக்கிடு, ஒத்த கியர்ல வீடு வந்து சேரலாம். அதுக்கப்புறம் வருசத்துக்கு ஒரு தடவை கேபிள் மாத்திடுறேன், நம்ம மழைக்கும் வேர்வைக்கும் அதுதான் கணக்கு. ஸ்டெயின்லெஸ் உள் கேபிள், புது ஹவுசிங், அதான் கேபிள் போற வெளிக் குழாய். கியர் ஹவுசிங்கையும் பிரேக் ஹவுசிங்கையும் மாத்திப் போடாத, கியர் ஹவுசிங்ல கம்பி நேரா ஓடும், பிரேக் இறுக்கத்துக்கு வெடிச்சிரலாம்.

மாட்டுனதுக்கு அப்புறம் கியர் சரியா விழலன்னா மொதல்ல ஹேங்கரை, அதான் ஃபிரேம்ல ஆர்டியை மாட்டுற துண்டை, பாரு, பின்னாடியில இருந்து பாத்தா ஆர்டி நேரா தொங்கணும். பைக் ஒரு தடவை வலது பக்கமா விழுந்திருந்தா அது வளைஞ்சிருக்கும், ஷிஃப்டரைத் திருகி அதை நேராக்க முடியாது. புதுக் கேபிள் மொத வாரம் கொஞ்சம் தளரும், பேரல் அட்ஜஸ்டரை கால் சுத்து கால் சுத்தா திருகு, அவசரப்பட்டு முழுச் சுத்து திருகாத. செயினையும் அளந்துக்க, 24 பின் இடைவெளி 304.8 மிமி இருக்கணும், 1.5 மிமி நீண்டுருச்சுன்னா 11, 12 ஸ்பீட் செயினை மாத்திடு, இல்லன்னா கேசட்டையும் சேத்து தின்னுரும்.

தம்பி கடைசியில அந்த 4700ஐ விட்டுட்டு பழைய 4600 ஷிஃப்டர் ஒரு ஜோடி புடிச்சான், கூட 9 ஸ்பீட் அலிவியோ ஆர்டி, 10 ஸ்பீட் 11-34 கேசட், புது செயின். தவுக்கே கடையில மாட்டுனது, அரை மணி நேரம்கூட ஆகல, மொத தடவையே பத்து பல்லும் சத்தமில்லாம விழுந்துச்சு. மறுநாள் காலையிலயே லாத்தா இஸ்கண்டார் போயிட்டு வந்து என் வாசல்ல பைக்கை நிறுத்தி, "அண்ணே, 34ஐ தொடவே இல்ல, 28லயே ஏறிட்டேன்"னான். குனிஞ்சு கேசட்டைப் பாத்தேன். புதுசா மாட்டுன 34 பல்லு முழுக்க செயின் கறுப்பு நல்லா ஏறியிருந்துச்சு.